நீச்சல் தெரியாததால்

செப். 3, புதன்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. சிலிண்டர் பதிவு செய்தாயிற்று. சர்க்கரை மாத்திரை நான்கு நாளுக்குத்தான்.

பதினோரு மணி பஸ்ஸில் மணப்பட்டு. கட்டைப்பையில் ஐந்து கத்தரிப்பு ஆல்பங்கள். முப்பத்தோரு வருடமாக என் பத்திரிகையில் வந்த என் செய்திகள், வெட்டி ஒட்டியவை. பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் அருள் சார் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே சரிபார்த்து, பிள்ளைகளே படிக்கும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று. இவர்கள் வாயில் ‘களஞ்சியம்’. சுற்றுவட்டாரத்தில் சில பள்ளிகள் சேர்ந்து எழுதுகின்றன. ஊர்ச் சங்கதிகளுக்குப் பழைய செய்தி ஆதாரமாக வேண்டுமாம்; படமெடுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புவாராம்.

திரையில் பார்த்த கட்டுரைகள்: நண்டு வளை. பனங்கிழங்கு. கொடுவா மீன். ஊருக்கு வரும் பஸ் (“டிரைவருக்குக் கோபம் வரும். கண்டக்டர் நல்லவர். ஆதாரம்: நான் பார்த்தது”).

சுவரில் சார்ட் ஒட்டியிருக்கிறது. அப்படியே:
1. பார்த்ததை எழுது.
2. பார்க்காததற்கு ஆதாரம் கொடு.
3. சொந்தக்காரர் சொன்னது ஆதாரம் ஆகாது.
4. கிடைத்த ஆதாரத்தை மறைக்காதே.
5. வேறு பள்ளி சரிபார்த்த பிறகே வெளியீடு.
6. பெரியவர்கள் டைப் அடிக்கக் கூடாது.

மூன்றாவது விதி எப்படி வந்தது என்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், தன் தாத்தா பிரெஞ்சுக் கப்பலைத் தனியாளாகக் கயிறு கட்டி இழுத்தார் என்று எழுதிவிட்டான். இன்றும் அதே சண்டை.

பக்கத்துப் பெண்: “கப்பல இழுத்தாருன்னு போட்டியேடா, யார்ரா பாத்தது?”

அவன்: “ஒங்க தாத்தா பாத்தாருடி. போய்க் கேளு.”

“அவருதான் செத்துட்டாரே.”

“அப்ப நா சொல்றதுதான்.”

இந்தச் சத்தத்தில் சேராமல் மூன்றாவது ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. கனிஷ்கா. ஏழாம் வகுப்பு. அவள் எழுதும் கட்டுரை ‘சூளைப் பள்ளம்’. ஊருக்கு மேற்கே செங்கல் சூளைக்கு மண் எடுத்து விட்ட பள்ளம், வருடம் முழுதும் தண்ணீர் நிற்கும். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

“இது நீங்க எழுதுனதா மேடம்?”

நான்கு வரிச் செய்தி. “மணப்பட்டைச் சேர்ந்த சஞ்சய் (13), நேற்று சூளைப் பள்ளத்தில் குளிக்கச் சென்றபோது நீச்சல் தெரியாததால் நீரில் மூழ்கி உயிரிழந்தான். போலீசார் விசாரிக்கின்றனர்.” ஆறு வருடம் ஆகிறது. ஆமாம் என்றேன்.

“எங்க அண்ணன். அவனுக்கு நீச்சல் தெரியும் மேடம்.”

அவள் கட்டுரையை அருள் சார் காட்டினார். முடிவு இப்படி: “என் அண்ணன் சஞ்சய் இதில் இறந்தான். அவன் நன்றாக நீந்துவான். ஆகவே நீச்சல் தெரிந்தவர்களும் இறங்கக் கூடாது.” கீழே சிவப்பில், வில்லியனூர்ப் பள்ளியிலிருந்து சரிபார்க்கும் பையனின் குறிப்பு: “சொந்தக்காரர் சொன்னது. வேறு ஆதாரம் தேவை. ஹரிஷ், 8ஆம் வகுப்பு.”

அந்த வேறு ஆதாரத்தைத்தான் என் ஆல்பத்தில் தேடியிருக்கிறாள்.

போனில் என் கத்தரிப்பைப் படம் எடுத்தாள். நான்காம் விதி. தானே ஏற்றினாள். அருள் சார், நாளைக்குப் பார்க்கலாமே என்றார். “கெடச்சிடுச்சே சார்” என்றாள். அழவில்லை. மதிய உணவுக்குத் தட்டோடு வரிசையில் போய் நின்றாள்.

செப். 4, வியாழன்

வெயில். கறிவேப்பிலைச் செடியில் புழு.

பழைய குறிப்பு நோட்டுகள் பரணில், வருடவாரியாகக் கட்டி வைத்தவை. அந்த வருடக் கட்டைப் பிரித்தேன். பக்கம் கிடைத்தது. என் கையெழுத்துத்தான்: “மா. 5.20 ஸ்டேஷன் போன். சஞ்சய் 13. மணப்பட்டு. சூளைப் பள்ளம். உடல் ஜி.ஹெச்.” அவ்வளவே. நீச்சல் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அதை ஸ்டேஷன் ஏட்டு சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. என் கை எழுதியது. நீரில் மூழ்கிய செய்தி என்றால் ‘குளிக்கச் சென்றபோது’ வரும், பின்னால் ‘நீச்சல் தெரியாததால்’ வரும். செய்திக்கு ஒரு காரணம் வேண்டும். ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் எழுதினார், நானும்.

கடலோரத்துப் பையன். பரதவர் வீடு. அது கூட அப்போது உறைக்கவில்லை.

என்ன தோன்றியது என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நோட்டைக் கட்டி மேலே வைத்தேன்.

மாலை அருள் சார் போன். ஹரிஷ் கட்டுரையை மாற்றிவிட்டான்: “பத்திரிகைச் செய்தியின்படி நீச்சல் தெரியாததால் இறந்தான் என்று திருத்தியுள்ளேன். வருத்தப்பட வேண்டாம்.” பள்ளியில் இன்று பையன்கள் அதைப் படித்துவிட்டு, “நமக்குத்தான் நீச்சல் தெரியுமேடா, நமக்கின்னா” என்றார்களாம். கனிஷ்கா ஒருவன் மேல் ஸ்கேலை வீசியிருக்கிறாள். கட்டுரை எழுதியதே அந்தப் பையன்களுக்காகத்தானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அந்தப் பள்ளத்துக்குத்தான் குளிக்கப் போகிறார்கள்.

செப். 6, சனி

மணப்பட்டு, அவர்கள் வீடு. வலது காலில் இரண்டு விரல்களுக்கு உணர்வு இல்லை. செருப்பு கழன்றது தெரியாமல் மணலில் பத்தடி நடந்திருக்கிறேன். பின்னால் வந்த பெண் எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா பெயர் வள்ளி. மீன் விற்றுத் திரும்பி, அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் யார் என்று சொன்னேன். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“நாலு வயசுல அவங்கப்பா போட்லேருந்து தூக்கிப் போட்டாரு. அன்னிக்கே கத்துக்கிச்சு. நீங்க இன்னா போட்டீங்க? வலைக்காரன் புள்ளைக்கு நீச்சல் தெரியாதுன்னு. கரையில ஆளுங்க பேப்பர வெச்சிக்கினு சிரிச்சாங்க. சாவு வூடுன்னு கூடப் பாக்கல. இவரு ஒரு மாசம் கடலுக்குப் போவல.”

அப்போதே வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எங்க வந்து? யாருகிட்ட? ஒங்க பேரு கூட அதுல இல்ல. நம்ம நிருபர்னு இருந்துச்சு.”

உள்ளே கனிஷ்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம். நின்று நின்று கேட்டது.

வள்ளி சொன்னது: சஞ்சய் தனியாகப் போகவில்லை. தெரு கடைசியில் இருந்த லோகேஷ் கூடப் போனான். அவன் சொட்டச் சொட்ட வீட்டுக்கு ஓடி வந்ததை அடுத்த வீட்டுப் பெண் பார்த்தாள். மறுநாளே அவன் அம்மா அவனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிறகு குடும்பமே ஊர் மாறியது.

“நாங்க போயிக் கேக்கல. அதுவும் ஒரு புள்ளதானே. இன்னான்னு கேக்கறது.”

லோகேஷ் இப்போது கிருமாம்பாக்கத்தில் ஒரு பேக்கரியில். சொந்தக்காரன் இல்லை. மூன்றாம் விதிக்குள் வரமாட்டான். இதைக் கனிஷ்காதான் உள்ளேயிருந்து சொன்னாள்.

டீ கொடுத்தார்கள். சர்க்கரை போட்டது. குடித்தேன்.

செப். 8, திங்கள்

நேற்றுப் பகலில் கொஞ்சம் தூறல். வீட்டுக்காரர் காலையில் கேட்டார், “ரெண்டு நாளா என்ன யோசனை?” ஒன்றுமில்லை என்றேன். பொய் இல்லை.

பேக்கரி, மூன்று மணி, கூட்டம் இல்லாத நேரம். லோகேஷுக்குப் பத்தொன்பது. மெலிந்த பையன், தலையில் வலைத் தொப்பி. சஞ்சய் என்றதும் பன் அடுக்கிக்கொண்டிருந்த டிரேயைக் கீழே வைத்தான். பிறகு எடுத்து மறுபடி அடுக்கினான். அடுக்கிக்கொண்டே பேசினான். நோட்டில் எழுதியது எழுதியபடி:

“நான்தான் மேடம் மொதல்ல எறங்குனேன். ஓரத்துல முட்டி அளவு. ரெண்டு அடி வெச்சேன், அப்படியே பள்ளம். அடியில சேறு. கால் மாட்டிக்கிச்சு. நீச்சல் தெரிஞ்சா இன்னா, கால எடுத்தாத்தானே நீந்தறது. அவன் மேல நின்னுக்கினு சிரிச்சான், நான் சும்மா பண்றேன்னு. அப்பறம் குதிச்சான். தோள்ல கை குடுத்துத் தள்ளுனான். நான் வந்துட்டேன். அவன் வரல.”

போலீஸ் கேட்கவில்லையா என்றேன்.

“யாருமே கேக்கல. எங்கம்மா வாயத் தொறக்காதேன்னுச்சு. பேப்பர்ல நீச்சல் தெரியாமன்னு வந்துச்சா, சரி, அப்படியே முடிஞ்சிடுச்சுன்னு எங்கம்மா சாமி கும்புட்டுச்சு.”

முழுதும் படித்துக் காட்டினேன். ஒரு திருத்தம் சொன்னான்: இரண்டு அடி அல்ல, மூன்று. மாற்றினேன். கையெழுத்துப் போட்டான். பெயர் போடலாமா என்று கேட்டேன். உள்ளே முதலாளி கூப்பிட்டார். போய்விட்டு வந்து, “போடுங்க” என்றான். வெளியே வரும்போது ஒரு பொட்டலம் கொடுத்தான், ஜாம் பன். எனக்குச் சர்க்கரை என்று சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் குழந்தைக்கு.

முப்பத்தோரு வருடத்தில் நீரில் போன செய்தி ஒன்றுக்கு, உடன் இருந்தவரைத் தேடிப் போனது இதுதான் முதல்.

செப். 9, செவ்வாய்

பத்திரிகை டெஸ்க்குக்குப் போன். கதிரேசன் எடுத்தார், என்னைவிட எட்டு வயது சின்னவர். திருத்தம் போட வேண்டும் என்றேன்.

“எந்தத் தேதிச் செய்திக்கு அக்கா?”

சொன்னேன்.

“அக்கா, திருத்தம்னா மறுநாள் போடறது. ஆறு வருஷம் கழிச்சுப் போட்டா, மத்த நாளெல்லாம் சரியான்னு கேப்பாங்க. யாராச்சும் கேஸ் போடறாங்களா?”

“இல்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒன்று கேட்கிறது.”

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பிறகு அவரே வழி சொன்னார்: “பள்ளத்துக்கு வேலி போடணும்னு ஊர்க்காரங்க கோரிக்கைன்னு ஒரு செய்தி அனுப்புங்க. அதுல ஒரு பாராவா இதச் சேத்துடுங்க. போட்டுடறேன்.”

நியாயமாகப் பட்டது. மதியம் வள்ளியிடமும் இன்னும் நான்கு பேரிடமும் பேசினேன். வேலி வேண்டும் என்றார்கள், உண்மையாகவே. ஐந்து பத்தி. மூன்றாவது பத்தி சஞ்சய்: நன்கு நீந்தக்கூடியவன், நண்பனைக் காப்பாற்ற இறங்கினான், முன்பு வெளியான தகவல் தவறு. லோகேஷ் பெயரோடு. 4.50க்கு அனுப்பினேன்.

கனிஷ்காவுக்கு அருள் சார் மூலம் சொல்லி அனுப்பினேன், வியாழக்கிழமைப் பேப்பர் பார்க்கச் சொல்லி. சொல்லியிருக்க வேண்டாம்.

செப். 11, வியாழன்

பால் வரவில்லை. பேப்பர் வந்தது.

ஆறாம் பக்கம், வலது ஓரம். ஐந்து பத்தி இரண்டாகியிருக்கிறது. கீழே ஒரு நகைக்கடை விளம்பரம். முதல் வரி: “மணப்பட்டில், சில ஆண்டுகளுக்கு முன் நீச்சல் தெரியாத சிறுவன் ஒருவன் மூழ்கி உயிரிழந்த சூளைப் பள்ளத்துக்கு வேலி அமைக்க வேண்டும் எனப் பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளனர்.”

கதிரேசன் விடுப்பு. பக்கம் கட்டியது புதுப் பையன். இடம் இல்லை என்று மூன்றாவது பத்தியை எடுத்திருக்கிறான். அப்புறம் பின்னணி வேண்டுமே என்று பழைய கோப்பில் தேடி, என்னுடைய அந்த நான்கு வரியை எடுத்துச் சேர்த்திருக்கிறான். போனில் பெருமையாகவே சொன்னான்: “கிராஸ் செக் பண்ணித்தான் மேடம் போட்டேன். பழைய செய்தி இருந்துச்சு.”

சரி என்றேன். அவன் செய்ததில் என்ன தவறு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது ஆதாரம் இரண்டு.

கனிஷ்கா இதையும் ஏற்றிவிட்டாளாம். அருள் சார் தடுத்தும். நான்காம் விதி.

பத்து மணிக்குத் தோசை மாவு அரைத்தேன். உப்பு போட்டேனா தெரியவில்லை.

செப். 12, வெள்ளி

வெயில் கடுமை. பள்ளிக்கு நானே போனேன். கனிஷ்கா என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், மற்றவர்களோடு. அவ்வளவுதான்.

வில்லியனூர்ப் பிள்ளைகளை வீடியோவில் கூப்பிடச் சொன்னேன். ஹரிஷ் வந்தான். கண்ணாடி, நெற்றியில் விபூதி, சட்டைப் பொத்தான் கழுத்து வரை. அந்தச் செய்தியை எழுதியவள் நான் என்றும், அது தவறு என்றும் சொன்னேன்.

“எப்படித் தப்புன்னு தெரியும் மேடம்?”

“நான் யாரையும் கேட்கவில்லை.”

“கேக்காம எழுதுவீங்களா?”

பின்னால் யாரோ, “டேய், மேடம்கிட்ட அப்படிலாம் கேக்காதடா” என்றது. கேட்கட்டும் என்றேன். கேட்டான்.

“அப்ப நீங்க குடுத்த மத்த கட்டிங்? ஒங்க கட்டிங்க வெச்சு எங்க ஸ்கூல்லயே மூணு ஆர்ட்டிகல் இருக்குது மேடம்.”

“பெயர், வயது, ஊர் சரியாக இருக்கும். காரணம் எழுதியிருந்தால் எடுக்காதே. எனக்குப் போன் செய், தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.”

குறித்துக்கொண்டான். உண்மையிலேயே, பேனாவால்.

என் கடிதத்தைக் கொடுத்தேன், ஒரு பக்கம்: ஸ்டேஷனில் சொன்னது எது, நானாகச் சேர்த்தது எது, பிறகு விசாரித்தது எது. லோகேஷ் கையெழுத்திட்ட நோட்டுப் பக்கத்தின் நகலும். ஹரிஷ் இரண்டையும் திரையில் பெரிதாக்கிப் படித்தான். நேரம் எடுத்தான். டெஸ்க்கில் யாரும் என் செய்தியை அவ்வளவு நேரம் படித்ததில்லை.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இதுவும் நீங்க எழுதுனதுதான். அந்த அண்ணன் பேசுனா ஓகே.”

கனிஷ்கா முதல்முறையாகத் தலை நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். “அவன் சொல்றது கரெக்டு” என்றாள் என்னிடம்.

வீட்டுக்கு வந்து ஐந்து ஆல்பத்தையும் பார்த்தேன். ‘நீச்சல் தெரியாததால்’: பதினாறு இடம். ஏரி, கிணறு, படுகை அணை, கடல். பெரியவர்கள் மூவர், மீதி பிள்ளைகள். பட்டியல் எழுதினேன். பெயர், வயது, ஊர். நான்காவது கட்டம், காரணத்துக்கு, காலி.

செப். 13, சனி

லோகேஷ் முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்தான். பேக்கரிச் சட்டையோடு. பள்ளி வாசலில் சைக்கிளைப் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டினான். சனிக்கிழமைதான், ஆனால் களஞ்சியக் குழுவுக்காக அருள் சார் அறையைத் திறந்து வைத்திருந்தார்.

திரையில் ஹரிஷ். விசைப்பலகையில் கனிஷ்கா. நானும் அருள் சாரும் சுவரோரம், ஆறாம் விதி.

சொன்னான். திங்கட்கிழமை சொன்ன அதே வார்த்தைகள் ஏறக்குறைய. கனிஷ்கா அவன் முகத்தைப் பார்க்காமல் அடித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“எந்தத் தோளு?”

“இன்னா?”

“எந்தத் தோள்ல கை வெச்சித் தள்ளுனான்?”

லோகேஷ் யோசித்தான். இடது கையைத் தூக்கி, வலது தோளைத் தொட்டுப் பார்த்தான். “இதுல.”

அடித்தாள். எனக்கு அது கேட்கத் தோன்றியதே இல்லை.

ஹரிஷ் ஒரே ஒரு கேள்வி: “அண்ணா, நீங்க அவங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல தம்பி.”

“ஓகே.”

12.20க்கு வெளியானது. கடைசிப் பத்தி, அப்படியே: “சஞ்சய்க்கு நன்றாக நீச்சல் தெரியும். நண்பனை வலது தோளில் தள்ளி மேலே அனுப்பினான். அடியில் சேறு இருப்பதால் கால் மாட்டிக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவர்களும் இறங்கக் கூடாது. இரண்டு பத்திரிகைச் செய்திகள் வேறு மாதிரி சொல்கின்றன. அவை தவறு என்று எழுதியவரே சொல்லியுள்ளார். ஆதாரம்: லோகேஷ், நேரில்.”

லோகேஷ் கிளம்பும்போது, கனிஷ்கா விசைப்பலகையைப் பார்த்தபடியே, “அம்மா வூட்டுக்கு வரச் சொல்லிச்சு” என்றாள். அவன், “நேரமாயிடுச்சு” என்றான். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் கிழக்குத் தெரு பக்கம் போனான். நான் பஸ் பிடித்தேன்.

செப். 14, ஞாயிறு

காலை இதமான காற்று. பட்டியலில் முதல் பெயருக்காகப் பூரணாங்குப்பத்தில் விசாரிக்கக் கிளம்பினேன். அங்கே போகும் முன் மணப்பட்டில் இறங்கி, சூளைப் பள்ளம் பார்க்கப் போனேன். இதைப் பற்றி இரண்டு செய்தி எழுதியிருக்கிறேன். பார்த்ததில்லை.

நினைத்ததைவிடச் சின்னது. பச்சைத் தண்ணீர், ஓரத்தில் கோரை. கரையில் மூன்று பையன்கள், டிரவுசரோடு. ஒருவன் சட்டையைக் கழற்றி வைத்திருந்தான், போடவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“சஞ்சய் அண்ணனே மாட்டிக்கிச்சாம்டா. நீ இன்னா அதவிடப் பெரிய ஆளா?”

“அது அப்ப. இப்ப சேறு இருக்காது.”

“நீ போய்ப் பாத்தியா? ஆதாரம் குடு.”

மற்றவன் சிரித்தான். சட்டை இல்லாதவன் ஒரு கல்லை எடுத்து நடுவில் எறிந்தான். கல் போன இடத்தை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் விளிம்புக்குப் போனேன், ஆழம் தெரிகிறதா என்று. சட்டை இல்லாதவன்தான் கூப்பிட்டான்.

“மேடம், ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“தெரிஞ்சாலும் கிட்டப் போவாதீங்க. இந்தப் பக்கம் வாங்க.”